ஒன்பது கோல் முன்னிலை எங்கே போனது? கியெல்ட்செ - வெஸ்ப்ரேம், 2016

வணக்கம் நண்பர்களே. ஐரோப்பிய ஆண்கள் கிளப் ஹேண்ட்பாலில் உங்களுக்குப் பிடித்த சீசன் எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் 2015-16 சாம்பியன்ஸ் லீக் என்று சொல்லிவிடுவேன். அந்த சீசனின் இறுதிப் போட்டியில், அதுவும் கடைசிக் கால் மணி நேரத்தில் நடந்ததைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். போலந்தின் கியெல்ட்செ அதிர்ஷ்டத்தால் ஜெயித்தது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதலில் களத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் போட்டியின் அரையிறுதிகளும் இறுதியும் 2010 முதல் ஜெர்மனியின் கொலோன் நகரில், ஒரே வார இறுதியில் நடக்கின்றன. சனிக்கிழமை அரையிறுதி, ஞாயிற்றுக்கிழமை இறுதி. அரங்கில் சுமார் 20,000 பேர். அந்த ஆண்டு நடப்பு சாம்பியன் பார்சிலோனாவைக் காலிறுதியிலேயே ஜெர்மனியின் கீல் அணி வெளியேற்றியிருந்தது. மிக்கெல் ஹான்சன், நிகோலா கராபாட்டிச், கோல்கீப்பர் தியெரி ஓமெயர் என்று நட்சத்திரங்கள் நிறைந்த பாரிஸ் அணியை அரையிறுதியில் கியெல்ட்செ 28-26 என்று வீழ்த்தியது. இன்னோர் அரையிறுதியில் ஹங்கேரியின் வெஸ்ப்ரேம் கீலை 31-28 என்று வென்றது. ஆனால் அதற்குக் கூடுதல் நேரம் தேவைப்பட்டது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மே 29, ஞாயிறு. நாற்பத்தாறாவது நிமிடம் வாக்கில் ஸ்கோர் பலகையில் வெஸ்ப்ரேம் 28, கியெல்ட்செ 19. ஆட்டம் மொத்தமே அறுபது நிமிடம்தான். வெஸ்ப்ரேமில் ஆரோன் பால்மார்சன் இருக்கிறார், மோமிர் இலிச் இருக்கிறார், இரண்டு மீட்டருக்கும் மேல் உயரமான இடதுகைக்காரர் லாஸ்லோ நாகி இருக்கிறார். கோப்பை கைக்கு வந்துவிட்டது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

இந்த வெள்ளைப் பலகையைப் பாருங்கள். கோலைச் சுற்றி நான் வரைந்திருக்கும் இந்த வளைகோடு ஆறு மீட்டர் கோடு. தடுப்பவர்கள் ஆறு பேரும் இதை ஒட்டித்தான் நிற்பார்கள். அவர்கள் நடுவே, பெரும்பாலும் கோலுக்கு முதுகைக் காட்டியபடி, தோளோடு தோள் மோதிக்கொண்டு ஒருவர் நிற்பார். அவர்தான் பிவோட். அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்பதே பெரும்பாடு. கியெல்ட்செயின் பிவோட் யூலென் அகினகால்தே. அந்தப் பெயரை மறக்காதீர்கள்.

முன்னிலையில் இருக்கும் அணி பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்த ஹேண்ட்பால் விடாது. கோலை நோக்கிப் போகாமல் பந்தைச் சும்மா கைமாற்றிக்கொண்டிருந்தால் நடுவர் கையைத் தூக்கி எச்சரிப்பார். அதன் பிறகும் எறியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதாவது, களைத்திருந்தாலும் தாக்கித்தான் ஆக வேண்டும். வெஸ்ப்ரேம் வீரர்களுடையதோ முந்தைய நாள் அரையிறுதியில் கூடுதலாகப் பத்து நிமிடம் ஓடிய கால்கள். கோல் விழாத ஒவ்வொரு எறிதலுக்குப் பிறகும் முழு மைதானத்தையும் பின்னோக்கி ஓடிக் கடக்க வேண்டும். கியெல்ட்செ அந்தக் களைப்பின் மீதுதான் ஏறி மிதித்தது. பந்து கையில் கிடைத்தால் ஓட்டம், இழந்தால் முரட்டுத் தடுப்பு. அந்தக் கடைசி நிமிடங்களில் கியெல்ட்செ போட்டது பத்து கோல், வெஸ்ப்ரேம் போட்டது ஒன்றே ஒன்று. கடைசி நொடிகளில் க்ஷிஷ்டோஃப் லியெவ்ஸ்கி அடித்த கோலில் 29-29. பதினான்கு நிமிடம் ஓர் எதிரணியை ஒரே கோலில் நிறுத்தி வைப்பதற்குப் பெயர் அதிர்ஷ்டமா? நீங்களே சொல்லுங்கள்.

கியெல்ட்செ அணியில் நான் தனியாகச் சொல்ல விரும்பும் ஒருவர் கரோல் பியெலெட்ஸ்கி. 2010-ல் ஒரு நட்புப் போட்டியில் காயம் பட்டு ஒரு கண் பார்வையை இழந்தவர். சில மாதங்களிலேயே பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து களத்துக்குத் திரும்பினார். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு தூரத்தையும் வேகத்தையும் கணித்துப் பந்தை வாங்கி, எம்பி எறிவது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். 2016 ரியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் போலந்தின் கொடியை ஏந்தியவரும் அவர்தான். அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குக் குரல் கொஞ்சம் தழுதழுத்துவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூடுதல் நேரமும் 35-35 என்று சமன். பிறகு ஏழு மீட்டர் பெனால்டிகள். தீர்மானிக்கும் எறிதலுக்கு வந்தவர் அகினகால்தே. அறுபது நிமிடம், அதற்கு மேல் பத்து நிமிடம் என்று தடுப்பாளர்களிடம் இடி வாங்கிக்கொண்டிருந்த ஆட்டம் அது. பந்து வலைக்குள் போனது. 39-38. சாம்பியன்ஸ் லீக் கோப்பை முதன்முறையாக ஒரு போலந்து கிளப்பின் கைக்கு வந்தது. பயிற்சியாளர் தலாந்த் துய்ஷெபாயெவ் ஏற்கெனவே ஸ்பெயினின் சியுதாத் ரியாலுக்கு இதே கோப்பையை மூன்று முறை வாங்கிக் கொடுத்தவர்.

வெஸ்ப்ரேமை நினைத்தால் இன்றும் எனக்கு வலிக்கிறது. பாலடோன் ஏரிக்குப் பக்கத்தில் ஏறத்தாழ 60,000 பேர் வாழும் ஊர் அது. அப்படி ஓர் ஊர் பார்சிலோனா, பாரிஸோடு மல்லுக்கு நிற்பதே பெரிய விஷயம். 2002, 2015, 2016, 2019 என நான்கு இறுதிகளில் தோற்றிருக்கிறது. பார்சிலோனாவுடன் இந்தக் கோப்பையை வென்ற லாஸ்லோ நாகி, சொந்த நாட்டுக் கிளப்போடு அதை வெல்லாமலேயே 2019-ல் ஓய்வு பெற்றார். கியெல்ட்செக்கும் பின்னாளில் அதே கசப்பு வந்தது. 2022-ல் பார்சிலோனாவிடம் பெனால்டியில் தோல்வி, 2023-ல் ஜெர்மனியின் மாக்டபுர்க்கிடம் கூடுதல் நேரத்தில் ஒரே கோலில் தோல்வி.

அந்த 2023 இறுதியைத்தான் அடுத்த வீடியோவில் எடுத்துக்கொள்ளப்போகிறேன். அதற்குள் 2016 ஆட்டத்தின் கடைசிப் பதினைந்து நிமிடத்தை ஒருமுறை தேடிப் பாருங்கள். உங்கள் கண்ணைப் பந்திலிருந்து எடுத்து, வெஸ்ப்ரேம் வீரர்கள் திரும்பி ஓடும் வேகத்தைக் கவனியுங்கள். நான் சொன்னது சரியா, இல்லையா என்று கருத்துப் பெட்டியில் எழுதுங்கள்.