ஏட்டுச் சுரைக்காயும் இரவுப் பாசனமும்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. எழுதும்போது வாக்கியங்களை மட்டும் கொஞ்சம் சரி செய்திருக்கிறேன்.)

கூட்டத்தின் தலைவர் அவர்களே, நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, செவிலியராக முப்பது ஆண்டுக்கு மேல் பணி செய்து ஓய்வு பெற்றிருக்கும் சகோதரி அவர்களே, கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் குறிஞ்சிப்பாடியிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, வேளாண் கல்லூரி மாணவ மாணவிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

இன்னொருவரைத் தனியாக வணங்க வேண்டும். முன்வரிசையில் வெள்ளைத் துண்டோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவர் எனக்கு ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் சொல்லிக்கொடுத்த ஐயா. வயது 84. நெல்லிக்குப்பத்திலிருந்து இந்த மழையில் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். நாங்கள் பாடத்தை மனப்பாடமாக ஒப்பித்தால் ஐயா கையை உயர்த்தி நிறுத்துவார். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுடா, வெளியே வா" என்று பள்ளிக்குப் பின்னால் இருந்த வாய்க்காலுக்குக் கூட்டிப் போவார். வேளாண் துறையில் நான் 31 ஆண்டு வேலை பார்த்ததற்கு அந்த வாய்க்கால்தான் காரணம். எனக்குப் போட்ட இந்தச் சால்வையை ஐயாவுக்குப் போட அனுமதி கேட்கிறேன். தலைவர் சரி என்கிறார். நன்றி.

எனக்குத் தந்த தலைப்பு, வளரும் நாடுகளில் வேளாண்மை, எரிசக்தி, பொது சுகாதாரம் ஆகிய மூன்றிலும் நடக்கும் பயன்பாட்டு ஆராய்ச்சி. மூன்றையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் சேர்த்துக் கட்டலாம் என்று குறிப்பு எழுதி வந்திருக்கிறேன். பார்ப்போம்.

முதலில் வேளாண்மை. இங்கிருந்து நடக்கிற தூரத்தில், செம்மண்டலத்தில், கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கோசி 671 என்ற கரும்பைக் கேள்விப்படாத கரும்பு விவசாயி உண்டா? அதில் 'கோ' கோயம்புத்தூர், 'சி' நம் கடலூர். மகாராஷ்டிராவிலும் குஜராத்திலும் எத்தனையோ குடும்பங்கள் அந்தக் கரும்பால் வீடு கட்டின. நம் ஊர் மண்ணில் தேர்ந்தெடுத்த கரும்பு அது. விருத்தாசலம் நிலையம் தந்த நிலக்கடலை ரகங்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, விதைத்தவர்களே இங்கே இருக்கிறீர்கள்.

அப்புறம், வயலும் நோயும் வேறு வேறு துறை என்று நினைக்கிறோம். அது அலுவலகத்துக்குத்தான் அப்படி. புதுச்சேரியில் 1975-இல் தொடங்கிய கொசு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கடலோரக் கிராமங்களில் மலேரியா ஏன் விடவில்லை என்று அவர்கள் தேடிப் போனபோது, சவுக்குக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றத் தோண்டிய குழிகளில்தான் அந்தக் கொசு பெருகிக்கொண்டிருந்தது. மரம் வளர்த்தவன் தோட்டத்திலேயே காய்ச்சலும் வளர்ந்தது. மதுரையில் இன்னொரு மையம், நெல் வயலில் வேப்பம் புண்ணாக்கு பூசிய யூரியாவைப் போட்டு, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டிப் பார்த்தது. மூளைக்காய்ச்சல் பரப்பும் கொசுவின் புழு குறைந்தது. உரமும் வீணாகவில்லை. விருத்தாசலம் பக்கம் மூளைக்காய்ச்சலில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கு இது என்ன செய்தி என்று நினைத்துப் பாருங்கள். 2015-இல் யூரியா முழுவதையும் வேம்பு பூசித்தான் தர வேண்டும் என்று மத்திய அரசு சொன்னது. உரத்துக்காகச் சொன்னார்கள், கொசுவுக்காக இல்லை. பரவாயில்லை.

இரண்டாவது எரிசக்தி. இதில் சாண எரிவாயு, அடுப்புப் புகை, சூரிய மின்சாரம் மூன்றையும் பேச வேண்டும். விறகடுப்புக்குப் பதில் எரிவாயு தந்தால் கர்ப்பிணிகளுக்கும் பிறக்கும் குழந்தைகளுக்கும் என்ன மாற்றம் வருகிறது என்று நான்கு நாடுகளில் 3,200 பெண்களிடம் பெரிய ஆய்வு நடந்தது. இந்தியாவில் அதற்கு எடுத்துக்கொண்டது நம் பக்கத்து விழுப்புரமும் நாகப்பட்டினமும். அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். முதலில் மும்முனை மின்சாரம். அதைச் சொல்ல என் சித்தப்பாவைச் சொல்ல வேண்டும்.

பெண்ணையாற்றங்கரையில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் கரும்பு. அப்போதெல்லாம் மும்முனை கரண்ட் முறை வைத்துத்தான் வரும். இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு. இரவு முறையில் பத்துக்கு வரலாம், ஒன்றரைக்கும் வரலாம். வந்ததும் ஸ்டார்ட்டரைத் தட்டவில்லையென்றால் அன்றைய தண்ணீர் போச்சு. அதனால் சித்தப்பா மோட்டார் கொட்டகையிலேயே சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார். தலைமாட்டில் ஒரு பல்பு. பல்பு எரிந்தால் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனி மாதம் ஒரு ராத்திரி. எறும்பு கடித்த மாதிரி இடுப்பில் ஏதோ இருந்தது என்று சொன்னார். தட்டிவிட்டுப் புரண்டு படுத்துவிட்டார். பல்பு எரிந்தது, எழுந்து மோட்டார் போட்டார், மடை திருப்பினார். வீட்டுக்கு வந்தபோது மணி நாலு இருக்கும். வயிறு வலிக்கிறது என்றார். சித்தி ஓமம் தட்டிக் கொடுத்தாள். விடியும்போது கண் இமையைத் தூக்க முடியவில்லை. எச்சில் விழுங்க முடியவில்லை. காயம் என்று பார்த்தால் ஒன்றும் இல்லை, வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை. கட்டுவிரியன் அப்படித்தான் கடிக்கும். கடித்ததே தெரியாது.

முதலில் ஒரு இடத்துக்குக் கொண்டு போனோம். மருந்து இல்லை என்றார்கள். இன்னொரு இடம். அங்கே மருந்து இருந்தது, மூச்சு விட வைக்கும் இயந்திரம் காலியில்லை. ரப்பர் பலூன் மாதிரி ஒரு பை கொடுத்தார்கள். அம்பு பை என்பார்கள். தொண்டையில் குழாய் போட்டு அதன் முனையில் பையை மாட்டி, இதை நிறுத்தாமல் அமுக்கு என்று என் கையில் கொடுத்தார் ஒரு செவிலியர். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அமுக்கு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அமுக்கு. கை மரத்துப் போனதும் மாமா அமுக்கினார். அப்புறம் சித்தி. அப்புறம் திரும்ப நான். மூன்று இரவு. அவர் கண் மூடியே இருந்தது, விரல்கூட அசையவில்லை. பிழைக்க மாட்டார் என்று அவர் தலைமாட்டிலேயே நின்று பேசினோம். எங்கே எடுப்பது என்றுகூடப் பேசினோம்.

நாலாம் நாள் இமை அசைந்தது. பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தார். ஒரு மாதம் கழித்துத் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்: "ரெண்டாம் நாள் ராத்திரி நீ ஒரு தடவை எண்ணிக்கையை விட்டுட்ட, தெரியுமா?"

எல்லாம் கேட்டிருக்கிறது அவருக்கு. கட்டுவிரியன் விஷம் நினைவைத் தொடாது. நரம்பு தசையோடு சேரும் முனையைத்தான் சிதைக்கும். சிதைந்த பிறகு எத்தனை குப்பி மருந்து ஏற்றினாலும் அந்த முனை திரும்ப வளர நாளாகும். அதுவரை அவருக்காக யாராவது மூச்சு விட வேண்டும். நாங்கள் செய்ததும் அதுதான்.

இதை வேளாண்மை என்பீர்களா, எரிசக்தி என்பீர்களா, சுகாதாரம் என்பீர்களா? மூன்றும் ஒரே கொட்டகையில், ஒரே சாக்கில் படுத்திருந்தது. அதனால் என் குறிப்பை மடித்து வைத்துவிட்டு இனி பாம்புக்கடியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். மன்னிக்க வேண்டும்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆண்டுக்குச் சராசரி 58,000. அதில் பெரும்பாலோர் கிராமத்தில், வீட்டிலேயே இறந்தவர்கள். ஏறத்தாழ பாதி சாவு ஜூன் முதல் செப்டம்பர் வரை, வயல் வேலைக் காலத்தில். உலக சுகாதார நிறுவனம் 2017-இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்ப் பட்டியலில் வைத்தது. இறப்பவர் ஏழை விவசாயி, கூலிப் பெண், தரையில் படுக்கும் குழந்தை. அதனால்தான் இத்தனை தாமதம் என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. சரி, கறிக்கு உதவிய சுரைக்காய் எது?

பிரேசில் நாட்டில் வித்தால் பிரசில் என்று ஒரு மருத்துவர். காப்பித் தோட்டக் கூலிகள் பாம்பு கடித்துச் சாவதைப் பார்த்தவர். ஐரோப்பாவிலிருந்து வந்த விஷமுறிவு மருந்து அந்த ஊர்ப் பாம்புக்கு வேலை செய்யவில்லை. அந்தந்தப் பாம்புக்கு அந்தந்த மருந்து வேண்டும் என்று கண்டுபிடித்தார். அவர் தலைமையில் 1901-இல் புத்தாந்தான் நிறுவனம் தொடங்கியது. பாம்புக்கு எங்கே போவது? விவசாயிகளிடமே மரப்பெட்டி கொடுத்தார். பாம்பைப் பிடித்து ரயிலில் அனுப்பு, பதிலுக்கு மருந்துக் குப்பி அனுப்புகிறேன் என்றார். விவசாயிகள் அனுப்பினார்கள். நமக்கு அந்த வேலையைச் செய்பவர்கள் இருளர் மக்கள். 1978-இல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கிறது. இந்தியாவின் விஷமுறிவு மருந்தில் அவர்கள் கைபட்ட விஷம் இருக்கிறது. அந்த வழியாகப் போனால் இறங்கிப் பார்த்து ஒரு வணக்கம் சொல்லுங்கள்.

அடுத்தது காசே ஆகாத ஆராய்ச்சி. கண்ணாடி விரியன் கடித்ததா என்று சந்தேகமா? சுத்தமான, காய்ந்த, புதுக் கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம். இருபது நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். சாய்த்துப் பார்த்தால் தண்ணீராக ஓடுகிறதா, விஷம் ஏறிவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாய் கூடாது, பிளாஸ்டிக் கூடாது. சகோதரி தலையாட்டுகிறார்கள், எத்தனை முறை செய்திருப்பார்கள்!

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது. தென்கிழக்கு நேபாளத்தில் தமாக் என்ற ஊர். அங்கே ஊர் இளைஞர்களிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது, அவ்வளவுதான். யாருக்குக் கடித்தாலும் ஒரு போன். ஒருவர் வண்டி ஓட்ட, கடிபட்டவர் நடுவில், பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, நேராக மருந்து இருக்கும் இடம். மந்திரிக்கப் போவதில்லை, கயிறு கட்டுவதில்லை, கீறுவதில்லை. கூடவே ஊர் ஊராகப் போய் விளக்கிச் சொன்னார்கள். கடிபட்டவர்களில் இறப்பவர்கள் 100-க்கு 10.5 பேர் என்பது 0.5 ஆக இறங்கியது. அதே பகுதியில் கொசுவலைக்குள் படுப்பவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்று வேறொரு ஆய்வு சொன்னது. கொசுவுக்குக் கட்டிய வலை கட்டுவிரியனையும் தடுக்கிறது.

மின்சாரத்தை விட்டுவிடவில்லை. குஜராத்தில் 2020-இல் பகலில் பாசன மின்சாரம் தரும் திட்டம் தொடங்கினார்கள். மகாராஷ்டிராவில் அதற்கு முன்பே, விவசாய மின்தடத்துக்குச் சூரிய மின்சாரத்தைக் கொண்டுவரும் திட்டம் வந்தது. சூரிய பம்பால் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடுகிற அதிகாரிகளிடமும் மாணவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். யூனிட்டை எண்ணுகிறீர்கள், ரூபாயை எண்ணுகிறீர்கள். மோட்டார் கொட்டகையில் படுக்காமல் வீட்டில் படுத்த இரவுகளையும் எண்ணுங்கள். இங்கே இருக்கும் வேளாண் மாணவர்கள் யாராவது அதை ஆய்வாக எடுத்தால், ஊர் ஊராக நான் கூட வருகிறேன்.

தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியிருக்கிறார்கள், அதாவது மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு கடியையும் அரசுக்குச் சொல்ல வேண்டும். நல்லது. ஆனால் அறிவிப்பு காகிதத்தில் இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் என்று ஐயா கையை உயர்த்துவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நாங்கள் கேட்பது மூன்று. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இரவிலும் விஷமுறிவு மருந்து. அதைப் போடத் தெரிந்த ஒருவர். ஒரு அம்பு பை.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுப்புப் புகையைச் சொல்லவில்லை, சாண எரிவாயுவைச் சொல்லவில்லை. இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன்.

வாசலில் டீ இருக்கிறது. டீ பக்கத்தில் மேசையில் மனு இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள். நீல அட்டை நோட்டு ஒன்றும் இருக்கிறது. பைக் வைத்திருப்பவர்கள், ராத்திரி போன் அடித்தால் எழுந்து வருவேன் என்பவர்கள், பெயரும் ஊரும் நம்பரும் எழுதுங்கள். நெல்லிக்குப்பத்துக்கு ஏழு பேர் இருக்கிறார்கள். பண்ருட்டிக்கு நாலு. புவனகிரி, சேத்தியாத்தோப்பு பக்கத்துக்கு இன்னும் ஒருவரும் இல்லை. அந்தப் பக்கத்துத் தம்பிகள் யாராவது வந்திருந்தால் டீ குடிப்பதற்கு முன்னால் வந்து என்னைப் பாருங்கள்.