கேத்திலில் படிந்த கல், கிணற்றில் மிதக்கும் நீர்

[காட்சி: குசினி. அடுப்பில் இருந்து இறக்கிய கேத்தில். மூடி திறக்கிறது. உள்ளே வெள்ளைப் படை.]

வணக்கம். யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் கேத்திலைத் திறந்தால் இந்த வெள்ளைப் படையைப் பார்க்கலாம். என் அம்மா இதை ஐம்பது வருடமாகத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக் கழுவுகிறார். ஒரு நாள் என் மகள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அம்மம்மா, தண்ணியைத்தானே கொதிக்க வைக்கிறியள். இது எங்கயிருந்து வந்தது?"

"கிணத்துத் தண்ணி அப்பிடித்தான், பிள்ளை" என்றார் அம்மா. சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கேத்திலையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஓம், எங்கயிருந்துதான் வருது?"

மகளுக்கு வயது 8. அம்மாவுக்கு 71. அம்மாவின் பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. இந்த வயதிலே இனி என்ன விஞ்ஞானம் என்று கேட்கிறவர்களுக்கு, இவர்கள் இருவரும் அதன் பிறகு செய்த வேலையைக் காட்டத்தான் இந்த வீடியோ.

[காட்சி: படையில் சுரண்டிய துண்டு ஒரு சிறு கோப்பையில். மேலே தேசிக்காய் பிழிகிறார்கள்.]

படையைச் சுரண்டி, மேலே தேசிப்புளி விடுங்கள். குமிழி வருகிறதா? அதற்குள் இருப்பது காபனீரொட்சைட்டு வாயு. படையில் பெரும்பாலும் இருப்பது கல்சியம் காபனேற்று. வளவில் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லும் அதுவேதான். அதைத் தட்டித் தூளாக்கிப் புளி விட்டால் அதுவும் நுரைக்கும்.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் அடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. நாங்கள் அந்த நீரைக் கொதிக்க வைக்கிறோம். வாயு வெளியேறுகிறது, கரைந்திருந்த கல் திரும்பவும் கல்லாகிக் கேத்திலில் படிகிறது. எங்கள் குடாநாட்டின் கல் மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்தது. சிப்பியும் பவளமுமாக வாழ்ந்த உயிர்களின் மிச்சம். வயது 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் மேல்.

இதைச் சொன்னதும் அம்மா கேட்டார்: "அப்ப நான் இவ்வளவு காலமும் தேய்ச்சது சிப்பியோ?"

அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். நான் பள்ளியில் படித்த நாட்களில் கிணற்றைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். "அது சோதனைக்கு வராது" என்று பதில் வந்தது. விஞ்ஞானத்தில் நல்ல பெறுபேறு எடுத்தேன், கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டேன். அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது நாற்பது வயதுக்குப் பிறகு இந்தக் கேத்திலுக்கு முன்னால் நின்றபோதுதான் புரிந்தது.

[காட்சி: வளவுக் கிணறு. பிறகு மேசையில் ஒரு கண்ணாடித் தம்ளர், உப்பு, பீற்றூட் சாறு, கரண்டி, ஸ்ட்ரோ.]

சரி, கிணற்றுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரி மழைதான் எங்கள் கிணறு. மூன்று பக்கம் கடல், நடுவில் உவர்நீர்க் கடல்நீரேரி. அப்படியிருக்க, கிணற்று நீர் எப்படி இனிக்கிறது?

தம்ளரில் பாதிக்குத் தண்ணீர். ஒரு தேக்கரண்டி உப்பு, நிறத்துக்குச் சில துளி பீற்றூட் சாறு. நன்றாகக் கரையுங்கள். இது கடல். இப்போது கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் நல்ல தண்ணீரை மெதுமெதுவாக விடுங்கள். அவசரப்பட்டால் கலந்துவிடும். எங்களுக்கு மூன்றாம் தடவைதான் சரிவந்தது. அடியில் சிவப்பு, மேலே தெளிந்த நீர். நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. எங்கள் காலுக்குக் கீழே இருப்பதும் இதுதான்.

இனி ஸ்ட்ரோ. நுனியை இரண்டு நீரும் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே பிடித்து, மெல்ல உறிஞ்சுங்கள். நல்ல தண்ணீர் வரும். வேகமாக உறிஞ்சுங்கள். சிவப்பு கூம்பு மாதிரி மேலெழும்பி வரும். மகள் முகத்தைச் சுழித்தாள். "உவர்!"

அக்காவின் மகனுக்கு வயது 17, உயர்தரம் கணிதப் பிரிவு. அவன் தம்ளரைப் பார்த்துவிட்டுக் கொப்பியை எடுத்தான். நன்னீரின் அடர்த்தி ஒரு கன மீற்றருக்கு 1000 கிலோகிராம். கடல்நீர் 1025. வித்தியாசம் 25. ஆயிரத்தை 25ஆல் பிரித்தால் 40. "சித்தி, தண்ணி மட்டம் கடல் மட்டத்தை விட ஓரடி கூட இருந்தா, கடல் மட்டத்துக்குக் கீழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும்!"

இதே கணக்கை ஒல்லாந்துக்காரரான கைபன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜேர்மன்காரரான ஹெர்ஸ்பெர்க் 1901இலும் எழுதி வைத்திருக்கிறார்கள். நிலத்தடியில் இரண்டும் கலக்கும் பகுதி உண்டு, கல்லுக்குள் குகைகளும் உண்டு. அதனால் இது அண்ணளவுதான். ஆனாலும் மறுபக்கத்தை யோசியுங்கள். இறைத்து இறைத்து மட்டத்தை ஓரடி குறைத்தால், நாளடைவில் உப்பு 40 அடி ஏறும்.

அதைக் கேட்டு அம்மா சொன்னது எந்தக் கொப்பியிலும் இல்லை. "துலா மிதிச்ச காலத்தில ஒருத்தர் மேல நடக்க, ஒருத்தர் பட்டை பிடிக்க, ஒருத்தர் தண்ணி கட்ட. எவ்வளவு நேரம்தான் இறைக்க ஏலும்? மெசின் வந்தாப் பிறகுதான் அங்காலை வளவுக் கிணறு உவரானது." எந்தக் கிணறு எந்தக் காலத்தில் மாறியது என்று வரிசையாகச் சொன்னார். பேரன் எழுதிக்கொண்டே இருந்தான். பதினேழு வயதுக்குச் சமன்பாடு தெரியும். அந்தச் சமன்பாட்டுக்குள் போடுவதற்கு ஐம்பது வருட அவதானிப்பு யாரிடம் இருக்கிறது?

[காட்சி: முடிச்சுப் போட்ட கயிறு, நுனியில் ஒரு கல். பக்கத்தில் வரைபுத்தாள்.]

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் முடிச்சுக் கயிற்றால் கிணற்று நீர் மட்டத்தை அளக்கிறார்கள். மகள் முடிச்சை எண்ணுவாள், அம்மா கயிறு விடுவார். சிறுவர்கள் தனியே கிணற்றடிக்குப் போகக்கூடாது. விடியற்காலையில்தான் அளக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. "இறைச்ச உடன அளந்தா பிழைக்கும். இராவைக்கு ஊறி நிக்க விடோணும்." ஆய்வுகூடத்தில் சொல்லிக்கொடுக்கும் ஒழுங்கு அது. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆங்கில விஞ்ஞானி மைக்கேல் பரடே பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். கட்ட வந்த புத்தகங்களை வாசித்தே விஞ்ஞானம் கற்றார். 1860இல், 69ஆவது வயதில், லண்டனில் சிறுவர்களுக்கு முன்னால் நின்று ஒரே ஒரு மெழுகுதிரியை வைத்து ஆறு விரிவுரை நடத்தினார். ஒரு பொருள் போதும், அதை விடாமல் பார்க்க வேண்டும்.

[காட்சி: நிலாவரைக் கிணறு. பிறகு கீரிமலைக் கேணி, பின்னால் கடல்.]

போன ஞாயிறு நிலாவரைக்குப் போனோம். அடியில்லாக் கிணறு என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் அது சுண்ணாம்புக்கல் கரைந்து உண்டான பள்ளம். மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். எங்கள் தம்ளர்தான், பெரிய அளவில். நிலாவரையில் போட்ட தேசிக்காய் தாழ்ந்து, நிலத்துக்கு அடியால் போய்க் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்பது இங்கே எல்லாரும் கேட்டு வளர்ந்த கதை. எனக்கு அந்தக் கதையில் மிகுந்த மரியாதை உண்டு. சுண்ணாம்புக்கல் நிலங்களில் நீர் எங்கே ஓடுகிறது என்று அறிய, ஆய்வாளர்கள் ஓரிடத்தில் சாயம் விட்டு இன்னோரிடத்தில் காத்திருப்பார்கள். கதை சொன்னவர் சாயத்துக்குப் பதிலாகத் தேசிக்காயை வைத்தார்.

அம்மா கதையைச் சொல்லி முடித்தார். மகள் கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அங்க மிதக்கிற தேசிக்காய் இங்க எப்பிடித் தாழும், அம்மம்மா? அடியில உப்புத்தண்ணி எல்லோ? அதில இன்னும் நல்லா மிதக்குமே?"

வீடு வந்து சேரும்வரை அம்மா பேசவில்லை.

[காட்சி: முற்றம். வாளி நிறையத் தண்ணீர். மகள் தேசிக்காய்களை ஒவ்வொன்றாக உள்ளே விடுகிறாள். அம்மா உப்புப் போத்தலைத் திறந்துகொண்டு பக்கத்தில் குந்துகிறார்.]