தண்ணீர்க் கூண்டில் கரிவளி

(பினாங்கில் தமிழ் மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த ஓர் அரங்கில் பேசியது, எழுத்தில்)

பெரியோர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

2010 மே மாதம். மெக்சிகோ வளைகுடாவில், 1,500 மீட்டர் ஆழத்தில், டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்த் துளையிடும் மேடையின் கிணறு உடைந்து எண்ணெய் பீறிட்டுக்கொண்டிருந்தது. அதன்மேல் கவிழ்க்க நான்கு மாடி உயரத்துக்கு ஓர் இரும்புக் கவிகை செய்து கடலுக்குள் இறக்கினார்கள். இறக்கியதுமே அதன் வாய் அடைத்துக்கொண்டது. அடைத்தது சேறு இல்லை. மீத்தேனும் தண்ணீரும் குளிரிலும் அழுத்தத்திலும் சேர்ந்து உறைந்த ஒருவகைப் பனிக்கட்டி. அதற்குத்தான் ஹைட்ரேட் என்று பெயர்.

எண்ணெய்த் துறைக்கு இது பழைய பகை. எரிவாயுக் குழாய்களை அடைப்பது இதுதான் என்று ஹாமர்ஷ்மிட் என்ற ஆய்வாளர் 1934லேயே எழுதிவிட்டார். இன்றும் ஆழ்கடல் குழாய்களில் கிளைக்காலோ மெத்தனாலோ ஊற்றித்தான் இதைத் தடுக்கிறார்கள். நான் பேச வந்தது, இந்தப் பகையாளியை வேலைக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்பதைப் பற்றி. கார்பன் டை ஆக்சைடை, நம் தமிழ்ப்பள்ளிப் பாடநூலில் வரும் கரிவளியை, இதை வைத்துப் பிடிக்கலாமா?

முதலில் அமைப்பைப் பார்ப்போம். கரிவளி ஹைட்ரேட்டில் 46 நீர் மூலக்கூறுகள் சேர்ந்து எட்டுக் கூண்டுகளைக் கட்டுகின்றன. இரண்டு சிறியவை, ஆறு பெரியவை. உள்ளே அகப்படும் வாயுவுக்கும் நீருக்கும் வேதிப் பிணைப்பு எதுவும் இல்லை. வாயு உள்ளே இருப்பதால் கூண்டு நிற்கிறது, அவ்வளவுதான். சூடாக்கினால் அல்லது அழுத்தத்தைத் தளர்த்தினால் கூண்டு கரைந்து வாயு வெளியே வந்துவிடும்.

எந்த வாயு எவ்வளவு எளிதில் அகப்படும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 0 டிகிரியில் கரிவளிக்குச் சுமார் 12 மடங்கு வளிமண்டல அழுத்தம் போதும். ஹைட்ரஜனோ மிகச் சிறியது; கூண்டுக்குள் நிற்காமல் நழுவும். அதைத் தனியாகப் பிடிக்க 2,000 மடங்கு அழுத்தம் வேண்டியிருக்கும். இரண்டும் கலந்த வாயுவைக் குளிர்ந்த நீரில் செலுத்தினால் கரிவளி மாட்டிக்கொள்ளும், ஹைட்ரஜன் பெரும்பாலும் தப்பித்துப் போகும்.

அப்படிக் கலந்த வாயு எங்கே கிடைக்கும்? நிலக்கரியை நேரே எரிக்காமல் ஆக்சிஜனும் நீராவியும் கொடுத்து வாயுவாக்கி, அதில் வரும் கார்பன் மோனாக்சைடை மீண்டும் நீராவியோடு வினைபுரிய வைத்தால், ஏறக்குறைய 40 விழுக்காடு கரிவளியும் 60 விழுக்காடு ஹைட்ரஜனும் கொண்ட எரிபொருள் வாயு கிடைக்கும். எரிப்பதற்கு முன்பே கரிவளியை எடுத்துவிடுவதால் பிறகு எரிவது வெறும் ஹைட்ரஜன். இந்த வாயு ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கிறது என்பதுதான் பெரிய வசதி.

பாலத்தைத் தாண்டினால் பிறையில் எரிவாயு மின்நிலையம் இருக்கிறதே, அதன் புகைபோக்கியில் மாட்ட முடியாதா என்று உங்களுக்குத் தோன்றலாம். மாட்டக்கூடாது என்பேன். அத்தகைய புகையில் கரிவளி நான்கு விழுக்காடு அளவில்தான் இருக்கும், மீதி பெரும்பாலும் நைட்ரஜன். கொஞ்சத்தைப் பிடிப்பதற்காக மொத்தப் புகையையும் அழுத்த வேண்டும். பிடித்த கரிவளியைவிட அழுத்தச் செலவான மின்சாரம்தான் பேச்சாகிவிடும்.

சரி, எரிபொருள் வாயுவிலாவது எளிதா? உறைநிலைக்குச் சற்று மேலே, அந்த 40க்கு 60 கலவைக்குச் சுமார் 50 மடங்கு அழுத்தம் தேவை. அதைக் குறைக்கத்தான் துணைப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானை நீரில் கலந்தால், வாயுவே இல்லாமல், சாதாரண அழுத்தத்தில் 4 டிகிரியிலேயே ஹைட்ரேட் உண்டாகும். டிபிஏபி என்று சுருக்கமாகச் சொல்லும் புரோமைடு உப்போ 12 டிகிரியிலேயே உறைந்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவை பெரிய கூண்டுகளைத் தாங்களே பிடித்துக்கொள்கின்றன, கரிவளிக்கு மிஞ்சுவது சின்னக் கூண்டுகள்தான். அழுத்தத்தில் மிச்சம் பிடித்ததைக் கொள்ளளவில் இழக்கிறோம். போதாததற்கு டெட்ராஹைட்ரோஃபியூரான் எளிதில் ஆவியாகி வாயுவோடே போய்விடும்.

இதைவிடப் பெரிய தொல்லை நேரம். வாயுவும் நீரும் தொடும் இடத்தில் ஹைட்ரேட் பாலாடை போலப் படிந்துவிடுகிறது. அதற்கடியில் இருக்கும் நீருக்கு வாயு போய்ச் சேர்வதில்லை. கலக்கிக்கொண்டே இருக்கலாம், ஆனால் கட்டி கெட்டியாகக் கெட்டியாக மோட்டார் தின்னும் மின்சாரமும் ஏறும். அதனால்தான் ஆய்வாளர்கள் கலக்குவதை விட்டுவிட்டு, நீரை மணலிலும் சிலிக்கா ஜெல் துளைகளிலும் ஊறவைத்து, வாயு தொடும் பரப்பைப் பெருக்கிப் பார்த்தார்கள். வேகம் கூடியது. லியூசின் போன்ற அமினோ அமிலத்தைச் சிறிதளவு சேர்த்தும் பார்க்கிறார்கள். அது மண்ணில் மக்கிப்போகும், வாயுவைத் திரும்ப வெளியே எடுக்கும்போது நுரையும் அவ்வளவாக வராது. இன்னொரு வேடிக்கை, ஒருமுறை ஹைட்ரேட்டாகி உருகிய நீர் மறுமுறை சீக்கிரமாக உறைகிறது. இதை நீரின் நினைவு என்பார்கள். ஏன் அப்படி என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டைதான்.

அப்புறம் வெப்பம். ஒரு மோல் கரிவளி, அதாவது 44 கிராம், கூண்டில் அடையும்போது ஏறத்தாழ 60 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். அதை உடனே அகற்றாவிட்டால் உறைவது நின்றுபோகும். நம் ஊர் வெயிலில் குளிரூட்டும் செலவை யாரும் சும்மா விட்டுவிட முடியாது.

போட்டியாளர்களும் இளைத்தவர்கள் இல்லை. குளிர்ந்த மெத்தனாலில் கரிவளியைக் கரைக்கும் ரெக்டிசால் முறையும், வேறொரு கரைப்பானில் கரைக்கும் செலக்சால் முறையும் பல பத்தாண்டுகளாகத் தொழிற்சாலைகளில் ஓடுகின்றன. ஹைட்ரேட் முறை பெரும்பாலும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது. அதன் பலம், கரிவளி ஓரளவு அழுத்தத்தோடே வெளியே வருகிறது, நிலத்தடியில் செலுத்த மறுபடி அழுத்தும் வேலை குறையும்.

கடைசியாக சரவாக். அங்குள்ள சில எரிவாயு வயல்களில் கரிவளி மிக அதிகம். கசாவாரித் திட்டத்தில் ஆண்டுக்கு 3.3 மில்லியன் டன்னைப் பிரித்துக் கடலடியில் புதைக்க எண்ணியிருக்கிறார்கள். அங்கே இந்தக் கூண்டு முறை உதவுமா? எனக்கு நம்பிக்கை குறைவு. மீத்தேனும் ஹைட்ரேட்டாகும்; 0 டிகிரியில் அதற்குச் சுமார் 26 மடங்கு அழுத்தம் போதும். கரிவளியின் 12க்கும் இந்த 26க்கும் உள்ள இடைவெளி, ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. கரிவளியோடு மீத்தேனும் கூண்டுக்குள் ஏறிக்கொள்ளும். கரிவளியும் ஹைட்ரஜனும் கலந்து வரும் இடம்தான் இதற்குப் பொருத்தம்; அதனால் இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் தயாரிக்கும் ஆலை ஒன்றை நம் நாட்டில் யாராவது பெரிதாகக் கட்டினால், இந்த முறையை நான் முதலில் அங்கே கொண்டுபோய்த்தான் சோதித்துப் பார்ப்பேன்.