டையோடுக்குள் கதவு இல்லை

நேயர்களுக்கு வணக்கம். டையோடு என்றால் மின்சாரத்துக்கு ஒருவழிப் பாதை என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். புதுச்சேரிக்காரர்களுக்கு ஒருவழித் தெரு புதிதல்ல. எதிரே வண்டியை விட்டால் காவலர் மடக்குவார். டையோடுக்குள் அப்படி மடக்க யாரும் இல்லை, கதவும் இல்லை. பிறகு எப்படி ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் மறிக்கிறது?

பெரும்பாலான டையோடுகள் சிலிக்கனால் ஆனவை, அதிலிருந்தே தொடங்குவோம். சிலிக்கன் அணு ஒவ்வொன்றும் தன் வெளிக்கூட்டிலுள்ள 4 எலக்ட்ரான்களையும் பக்கத்து 4 அணுக்களோடு பிணைப்பில் போட்டுவிடுகிறது. மின்சாரத்தைச் சுமக்க மிச்சம் ஏதுமில்லை. அணுக்களின் வெப்ப அதிர்வில் எப்போதாவது ஒரு பிணைப்பு அறுந்து எலக்ட்ரான் விடுபடும். அறை வெப்பநிலையில் சுமார் 5 லட்சம் கோடி அணுக்களுக்கு ஒன்று, அவ்வளவுதான். அது விட்டுப்போன காலியிடம் ‘துளை’. பக்கத்து எலக்ட்ரான் வந்து அதை நிரப்ப, துளை இடம் மாறும். நேர்மின்னூட்டம் நகர்வதாகவே கணக்கு.

இப்போது 10 லட்சம் சிலிக்கன் அணுக்களுக்கு ஒரு பாஸ்பரஸ் அணுவைக் கலக்கிறோம். அதற்கு 5 எலக்ட்ரான்கள். நான்கு பிணைப்புக்குப் போக, ஐந்தாவது சும்மா திரியும். இந்தத் துளி மாசினாலேயே உலவும் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ 50 லட்சம் மடங்கு பெருகிவிடும்! இது ‘என்’ வகை. பாஸ்பரஸுக்குப் பதில் 3 எலக்ட்ரான் கொண்ட போரானைக் கலந்தால் துளைகள் பெருகும். அது ‘பி’ வகை.

ஒரே படிகத்தில் இரண்டும் சந்திக்கும் இடம்தான் விஷயமே. ‘என்’ பக்கத்தில் நெருக்கமாக இருக்கும் எலக்ட்ரான்கள் ‘பி’ பக்கம் பரவிப் போய்த் துளைகளை நிரப்புகின்றன. போனவை போக, பாஸ்பரஸ் அணுக்கள் நேர்மின்னூட்டத்தோடு இருந்த இடத்திலேயே நிற்கின்றன. எதிர்ப்பக்கம் போரான் அணுக்கள் எதிர்மின்னூட்டம் பெறுகின்றன. இவை நகர முடியாதவை. இவற்றுக்கிடையே எழும் மின்புலம், அடுத்து வரும் எலக்ட்ரான்களைத் திருப்பித் தள்ளுகிறது. பரவலும் தள்ளலும் சமமாகும்போது நடுவே மின்னூட்டம் சுமப்போர் இல்லாத ஒரு மெல்லிய பகுதி நிலைத்துவிடும். பரவலே தனக்கு எதிராக எழுப்பிக்கொண்ட தடை இது. மின்னழுத்த அரண் என்போம். சிலிக்கனில் சுமார் 0.7 வோல்ட்.

பேட்டரியின் நேர்முனையை ‘பி’ பக்கம் கொடுத்தால் அரண் தாழும். அழுத்தத்தில் சுமார் 60 மில்லிவோல்ட் கூடினாலே மின்னோட்டம் பத்து மடங்காகும். மாற்றிக் கொடுத்தால் அரண் இன்னும் உயரும், ஓட்டம் நின்றுவிடும். முழுக்க நிற்குமா என்றால் இல்லை. வெப்பத்தால் அங்கங்கே பிறக்கும் சில எலக்ட்ரான்களும் துளைகளும் எதிர்த்திசையில் கசியும். 10 டிகிரி ஏறினால் இந்தக் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். கத்திரி வெயிலில், காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் இருக்கும் டையோடுக்கு 25 டிகிரி 65 ஆனால் கசிவு 16 மடங்கு. சிலிக்கனைப் போன்ற இன்னொரு தனிமமான ஜெர்மானியத்தில் எலக்ட்ரானை விடுவிக்க இன்னும் குறைந்த ஆற்றலே போதும், அதனால் கசிவும் மிக அதிகம். மின்சாதனங்களில் சிலிக்கன் அதை ஓரங்கட்டியதற்கு இது முக்கியக் காரணம்.

வேடிக்கை என்னவென்றால், காரணம் புரிவதற்கு வெகுகாலம் முன்பே வேலை நடந்துகொண்டிருந்தது. 1874-இல் ஜெர்மனி நாட்டு இயற்பியலாளர் பெர்டினாண்ட் பிரௌன், சில சல்பைடு படிகங்களில் மின்சாரம் ஒருபக்கமாகப் போவதைக் கண்டார். கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், கலீனா என்ற ஈயத் தாதுவின் படிகத்தால் மின்காந்த அலையைக் கண்டறியும் கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ‘பி’யும் ‘என்’னும் சந்திக்கும் சந்தி 1940-இல்தான், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரஸ்ஸல் ஓல் கையில், விரிசல் விட்ட ஒரு சிலிக்கன் துண்டில் சிக்கியது. விளக்கு வெளிச்சம் பட்டதும் அது மின்னழுத்தம் தந்தது. இன்றைய சூரியத் தகட்டின் வேலையும் அதேதான்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ இங்கே புதுச்சேரியிலோ ரேடியோ, டிவி பழுது பார்க்கும் கடைக்குப் போனால், மெக்கானிக் மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்துச் சோதிப்பதைப் பாருங்கள். வெள்ளிக் கோடு போட்ட முனைதான் ‘என்’ பக்கம். அங்கே கறுப்புக் கம்பி, மறுமுனையில் சிவப்புக் கம்பி வைத்தால் 0.6 வோல்ட் அருகே காட்டும். மாற்றி வைத்தால் எண் வராது. இரண்டு பக்கமும் பூஜ்யம் என்றால் ‘ஷார்ட்’, தூக்கி எறிய வேண்டியதுதான். நீங்களும் செய்து பார்க்கலாம்; எந்த இணைப்பிலும் சேராத தனி டையோடில் மட்டும். எண் தெரியும்போதே டையோடின் உடலை இரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் வீதம் கடைசி இலக்கங்கள் மெல்ல இறங்கும்.