பிரேக்கை மிதிப்பதற்கு முன்

பெரியோர்களே, நண்பர்களே,

சாலையில் பந்தயம் விடுவது ஆபத்து என்பது ஊரறிந்த சேதி. எவ்வளவு ஆபத்து என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள்தான் குறைவு.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்குச் சுமார் 17 மீட்டர் ஓடுகிறது. குறுக்கே ஆளைப் பார்த்துப் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி என்று வையுங்கள். அதற்குள் 25 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் நிற்க இன்னும் 20 மீட்டர். ஆக 45. இப்போது வேகத்தை 120 ஆக்குங்கள். அந்த ஒன்றரை நொடியிலேயே 50 மீட்டர் போய்விடும். அதாவது, முதல் வண்டி நின்ற இடத்தை இந்த வண்டி தாண்டும்போது பிரேக் இன்னும் பிடிக்கவே ஆரம்பிக்கவில்லை. பிடித்த பிறகும் 80 மீட்டர் ஓடித்தான் நிற்கும். வேகம் இரு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்கு. இதில் ஓட்டுபவரின் திறமைக்கு என்ன வேலை?

சாலையைக் கடப்பவரையும் நினையுங்கள். இரவில் 100 மீட்டர் தள்ளித் தெரியும் ஒற்றை விளக்கை வைத்து வேகத்தை அளக்க எந்தக் கண்ணாலும் முடியாது. 60 என்று நம்பிக் கால் வைத்தால் ஆறு நொடி இருக்கிறது. வருவது 120 என்றால் மூன்றே நொடி.

வேகத்தைக் கூட்ட இன்ஜினுக்குச் செலவழிப்பவர்கள் பிரேக்கையும் டயரையும் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பந்தயத் தளத்தில் தடம் மாறினால் வண்டியை இழுத்து நிறுத்தச் சரளைக் கல் படுகை இருக்கும், எதிரே வண்டி வராது. சாலையிலோ விளக்குக் கம்பம், ஓரத்து மணல், மழையில் வழுக்கும் வெள்ளைக் கோடு.

தடுப்பது எப்படி? நீண்ட நேர்ச்சாலையில் ஒரே ஒரு வேகத்தடை போட்டால் அதுவே விபத்தை வரவழைக்கும். உட்சாலைகளில் எச்சரிக்கைப் பலகையோடு, 100 மீட்டருக்கு ஒன்றாக வரிசையாகப் போடலாம். பெருஞ்சாலையில் இரு முனைகளிலும் கேமரா வைத்துச் சராசரி வேகத்தைக் கணக்கிடுவதே சரி. ஒற்றைக் கேமராவுக்கு முன்னால் மட்டும் வேகம் குறைப்பார்கள்.

ஓடும் வண்டியைக் காவலர் துரத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. வேகம் இன்னும்தான் ஏறும். பந்தயம் தொடங்கும் முன்பே கூடும் இடத்தைக் கலைக்க வேண்டும். செல்போனோடு நிற்கும் கூட்டம் போனால் பாதிப் பேர் வண்டியைக் கிளப்பவே மாட்டார்கள். பார்ப்பவர்கள் வண்டி எண், இடம், நேரம் மூன்றையும் குறித்துக் கொடுத்தால், மறுநாள் உரிமையாளரின் வீட்டுக் கதவைத் தட்டலாம். பெற்றோரே, மடக்கிவிட்ட நம்பர் பிளேட்டும் கழற்றிய பக்கக் கண்ணாடியும் உங்கள் வாசலிலேயே தெரியும். அன்றைக்கே சாவியை வாங்கி வையுங்கள்.