சின்ன மருமகளின் அறை: ‘சாஹிப் பீபி அவுர் குலாம்’

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரே ஒரு படம்தான். 1962-ல் வந்த ‘சாஹிப் பீபி அவுர் குலாம்’. பிமல் மித்ராவின் வங்க நாவலை வைத்து குரு தத் தயாரித்து, அப்ரார் ஆல்வி இயக்கிய இந்திப் படம். முடிவையும் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசி, கல்கத்தாவில் ஒரு ஜமீன் மாளிகை. வீட்டு ஆண்களுக்குப் புறா விடுவதும், பூனைக்குக் கல்யாணம் செய்து பணத்தைக் கரைப்பதும்தான் வேலை. இளையவன் பொழுது சாய்ந்தால் தாசி வீட்டுக்குக் கிளம்பிவிடுவான். அவன் மனைவியாக மீனா குமாரி.

அவர் அறிமுகமாகும் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று தெரியாது. பூத்நாத் என்கிற கிராமத்து இளைஞன், குங்குமக் கம்பெனியில் வேலை பார்ப்பவன், தலையைக் குனிந்தபடி அவள் அறைக்குள் வருகிறான். அவன் கண்ணுக்குத் தெரிவதுதான் நமக்கும் தெரியும்: தரைவிரிப்பு, அப்புறம் செம்பஞ்சுக் குழம்பு பூசிய இரண்டு பாதங்கள். பெயரைக் கேட்கிறாள், சொல்கிறான். எல்லோரும் சிரிக்கிற பெயர் அது. அவள் சிரிக்கவில்லை, கடவுள் பெயராயிற்றே என்கிறாள். அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்க்கிறோம். கேமரா மைசூர்க்காரர் வி.கே. மூர்த்தி.

அவனை அழைத்ததே புருஷனை வசியப்படுத்தும் என்று சொல்லி விற்கிற ‘மோகினி’ குங்குமம் வாங்கத்தான். அது பலிக்கவில்லை. மற்ற மருமகள்களைப் போல நகையை அழித்து நகை செய், சோழி ஆடு என்கிறான் புருஷன். என்னோடு உட்கார்ந்து குடிப்பாயா என்றும் கேட்கிறான். அவனை வீட்டில் இருத்த அவள் குடிக்கவும் செய்கிறாள். கொஞ்ச நாள் இருக்கிறான், அப்புறம் அலுத்துப் போய்ப் பழையபடி கிளம்புகிறான். கீதா தத் குரலில் ‘ந ஜாவோ சையாங்’ பாட்டு அங்கேதான் வருகிறது. பாட்டு முடிந்ததும் அவள் வெடிக்கிறாள்: புருஷனுக்காக எந்த வீட்டு மருமகளாவது இதைச் செய்திருக்கிறாளா என்று. அம்மாவோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் அம்மா எழுந்து போய்விட்டார், திரும்பி வர நேரமானது.

இதை ‘குடிகாரி கதை’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அவள் கேட்டது புருஷன் ராத்திரி வீட்டில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான்.

கடைசியில் அவன் பக்கவாதத்தில் விழுகிறான். அவள் பூத்நாத்தோடு வண்டியில் போகும்போது, கொழுந்தன் உறவைப் போல அவன் மேல் வைத்த பாசத்தைத் தப்பாக எடுத்துக்கொண்ட கணவனின் அண்ணன் ஆள் வைத்து வழிமறிக்கிறார். பல வருஷம் கழித்து, அந்த மாளிகையை இடிக்கும் வேலையைப் பூத்நாத்தே மேற்பார்க்கிறான். மண்ணுக்குள் ஓர் எலும்புக்கூடு. கையில் அவளுடைய வளையல்.

அன்றைக்கு அவள் ஒரு சாமியாரைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தாள். புருஷனுக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று.