ஒரு சாண் பாறை

திருநெல்வேலி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முழுதாக ஓயாத ஒரு காலையில், உவரிக் கடற்கரையிலிருந்து நானும் நண்பரும் காற்று உருளைகளைச் சுமந்துகொண்டு நடந்தே கடலில் இறங்கினோம். கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் தடுத்தார். "கலங்கிக் கிடக்கிறது தம்பி. நீவாடும் பலமாக இருக்கிறது. பாரைத் தாண்டாதீர்கள்." நீரோட்டத்தைத்தான் அவர்கள் நீவாடு என்பார்கள்; கடலடிப் பாறைத் திட்டைப் பார் என்பார்கள். அவர் சொன்னதையே எல்லையாக வைத்துக்கொண்டோம்.

தேடிப்போனது ஓடில்லாத கடல் நத்தைகளை. முட்டையிலிருந்து வரும்போது இவற்றுக்கும் ஓடு உண்டு; வளர்கையில் பெரும்பாலானவை அதை இழந்துவிடுகின்றன. பல இனங்கள் விரல் நீளம்கூட இல்லை. நீட்டிய கையே தெரியாத கலங்கலில் இதைத் தேட முடியுமா? முடியும். தெளிந்த நீரில் கண் மீன் கூட்டத்தின் பின்னால் போய்விடும். கலங்கலிலோ முகத்துக்கு எதிரே ஒரு சாண் பாறைதான் மிச்சம். அதை எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் படிக்கலாம்.

மேலே அலை உடைய உடைய, அடியில் நீர் நம்மை முன்னும் பின்னும் இழுக்கும். அதோடு மல்லுக்கட்டினால் காற்றுதான் வீணாகும். இழுக்கும்போது போய், விடும்போது திரும்ப வேண்டும். பிடிமானத்துக்கு வெறும் பாறையைத் தொடலாம். பவளத்தை மட்டும் தொட்டுவிடாதீர்கள், அது உயிர்.

நத்தைக்கு முன் அதன் இரையைத் தேட வேண்டும். பல இனங்கள் கடற்பஞ்சையே தின்கின்றன. பஞ்சு படர்ந்த இடுக்கில் விளக்கைப் பிடித்தேன். பாசி, தூசி எல்லாம் அலையோடு ஆட, கறுப்பில் மஞ்சள் மொட்டுகள் வைத்த ஒன்று மட்டும் அசையாமல் ஒட்டியிருந்தது. தின்ற பஞ்சின் நஞ்சையே தன் காவலாக்கிக்கொள்ளும் இனம் அது. எவ்வளவு நேரம் பார்த்தேனோ, நண்பர் தோளை அழுத்தினார். காற்று பாதிக்கு வந்திருந்தது. அடுத்த இடுக்கைப் பார்க்க மனம் துடித்தது; திரும்பிவிட்டோம். அந்த நேரத்தில் ஆசைக்கு இடம் கொடுப்பது தவறு.

கரையில் படத்தைக் காட்டினோம். பெரியவர், "இது தெரியாது. கத்தரிப்பூ நிறத்தில் சாயம் விடுமே, அதைக் காட்டுகிறேன்" என்றார். அது கடல் முயல், இந்த நத்தைகளின் உறவுதான். நினைவாற்றல் எப்படி உருவாகிறது என்பதை அதன் இனம் ஒன்றின் நரம்புகளில் ஆராய்ந்த எரிக் காண்டலுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது.

மறுநாள் நீர் வற்றிய நேரத்தில், அவர் காட்டிய பாறைக்குழியில், முழங்கால் ஆழத்தில் ஒன்று பாசி மேய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இடியாப்பம் பிழிந்து வைத்ததுபோல் அதன் முட்டைகள்.